வீட்டு மடிப்புக் கதவுகளின் பழுதுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளியலறை வாசலிலும், பூஜை அலமாரியிலும், துணி துவைக்கும் இடத்திலும் ஒரு முழுக் கதவு திறந்து நிற்க இடம் போதாது என்பதால்தான் சென்னையின் அடுக்குமாடி வீடுகளில் மடிப்புக் கதவுகள் இவ்வளவு பெருகியிருக்கின்றன. அவை பழுதாகும்போது, “ஃபோல்டிங் கதவு என்றாலே இப்படித்தான்” என்று அலுத்துக்கொண்டு, கதவைக் கழற்றி மொட்டை மாடியில் சாய்த்துவிட்டு வாசலில் திரையைத் தொங்கவிடுகிறவர்கள் பலர். பெரும்பாலான வீடுகளில் அதற்குத் தேவையே இல்லை. மடிப்புக் கதவின் கோளாறு பலகையில் இருப்பது குறைவு. கதவின் எடை எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்தில் இருப்பதே அதிகம். அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால், ஒரு திருப்புளியும் ஸ்பேனரும் வைத்திருக்கும் எவரும் பாதிக் கோளாறுகளைத் தாமே சரிசெய்துகொள்ளலாம். மற்ற பாதிக்கு ஆளை அழைத்தாலும், என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

என் வீட்டுக் கதவின் எடை எங்கே நிற்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

கதவைப் பாதி மடித்த நிலையில் நிறுத்திவிட்டு, முதலில் மேலேயும் பிறகு கீழேயும் பாருங்கள். இரண்டு மரப்பலகைகள் கீல்களால் இணைக்கப்பட்டு, சுவரை ஒட்டிய பலகையின் அடிமுனையில் ஒரு இரும்பு முளை தரையில் பதித்த தகட்டுக் குழியில் நின்றால், கதவின் எடை முழுவதையும் தாங்குவது அந்த முளைதான். மேலே டிராக்கில் ஓடும் சிறிய சக்கரம் எடையைத் தாங்குவதில்லை. அது வழிகாட்டுவதற்கு மட்டுமே. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல், கதவு தாழ்ந்துவிட்டதென்று மேல் ரோலரை மாற்றிப் பணத்தை வீணாக்குகிறவர்கள் நிறைய.

குளியலறைகளில் காணும் பிவிசி கதவு இதற்கு நேர்மாறானது. ஒரு சாண் அகலம்கூட இல்லாத பல பட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, மேலே உள்ள அலுமினியச் சேனலில் சிறு நைலான் கொக்கிகளால் தொங்குகின்றன. அங்கே எடை முழுவதும் மேலேதான். பால்கனியில் போடப்படும் கண்ணாடி மடிப்புக் கதவுகள் மேலே தொங்குபவையாகவும் இருக்கலாம், கீழே சக்கரத்தின் மீது ஓடுபவையாகவும் இருக்கலாம். எந்தப் பக்கத்தில் பெரிய, கனமான சக்கரம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில் எடை இருக்கிறது என்று கொள்ளலாம். வாசலில் திருட்டுப் பயத்துக்காகப் போடும் இரும்பு கொலாப்சிபிள் கேட்டைப் பற்றித் தனியே பின்னால் பார்க்கலாம்.

மரக் கதவின் நடுமுனை தாழ்ந்து தரையில் உரசுகிறது. அடியை இழைத்துவிடலாமா?

தயவுசெய்து இழைப்புளியை எடுக்காதீர்கள், குறைந்தபட்சம் இப்போதைக்கு. தாழ்ந்த முனையை இழைத்தால் உரசல் நிற்கும்; கதவு தாழ்ந்ததற்கான காரணம் அப்படியே இருக்கும். சில மாதங்களில் மீண்டும் தாழும், மீண்டும் இழைப்பீர்கள், கடைசியில் கதவின் அடியில் கரப்பான் பூச்சி நிமிர்ந்து நடந்துபோகும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிடும்.

கதவை மூடி, சுவரை ஒட்டிய பலகைக்கும் நிலைச்சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 3 மி.மீ. கனம் வரும், அதை அந்த இடைவெளியில் செருகிச் செருகிக் கீழே கொண்டுபோனால் வித்தியாசம் உடனே தெரியும். மேலே இடைவெளி அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால், பலகையின் தலை வாசலின் நடுவை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, அதனால்தான் எதிர்முனை தாழ்ந்து தரையைத் தொடுகிறது என்று பொருள். டிராக்கின் சுவரோர முனையில், மேல் முளையைப் பிடித்திருக்கும் தகட்டில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைச் சற்றுத் தளர்த்தி, பலகையின் தலையை நிலைச்சட்டத்தின் பக்கம் இரண்டு மூன்று மி.மீ. தள்ளி, மீண்டும் இறுக்குங்கள். நடுமுனை தானாகவே உயர்ந்துவிடும். இந்த இரண்டு மி.மீ. நகர்த்தல் கதவின் மறுமுனையில் எவ்வளவு மாற்றத்தைக் கொண்டுவருகிறது என்பதைப் பார்த்த பிறகு, எவருக்கும் இழைப்புளி நினைவுக்கு வராது.

இடைவெளி மேலிருந்து கீழ்வரை சமமாகவே இருந்தும் கதவு உரசுகிறது என்றால், கதவு முழுவதுமாகத் தாழ்ந்திருக்கிறது. கீழ் முளையில் மரை இருக்கும். வீட்டில் ஒருவர் பலகையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, எடை நீங்கிய நிலையில் முளையின் நட்டை ஸ்பேனரால் அரைச் சுற்று, ஒரு சுற்று என்று திருப்பிக் கதவை உயர்த்துங்கள். எடை மேலே இருக்கும்போதே பலவந்தமாகத் திருப்பினால் மரை தேய்ந்துவிடும். அதன் பிறகு முளையையே மாற்ற வேண்டியிருக்கும். சரிசெய்து முடித்ததும் பக்கவாட்டு முனையில் ஒரு ரசமட்டத்தை நெட்டுக்குத்தாக வைத்துப் பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டாலும் போதும், தூக்குக்குண்டு தயார்.

கீலில் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகுவதில்லை. என்ன செய்வது?

மரத்தில் துளை பெரிதாகிவிட்டது. அந்தத் துளையில் மரப்பசையைத் தோய்த்து, மருந்து நீக்கிய தீக்குச்சிகளையோ மெல்லிய மூங்கில் சீவல்களையோ நெருக்கமாகச் செருகி, ஓர் இரவு காய விட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துவிட்டு, அதே ஸ்க்ரூவை மீண்டும் ஏற்றுங்கள். பசை காய்வதற்குள் அவசரப்பட்டு ஏற்றினால் பயன் இல்லை. பலகை கனமாக இருந்தால் ஓர் அங்குல ஸ்க்ரூவுக்குப் பதிலாக ஒன்றரை அங்குல ஸ்க்ரூ போடலாம். பலகையின் கனத்தைத் தாண்டி மறுபக்கம் எட்டிப் பார்க்காதபடி முன்பே அளந்துகொள்ளுங்கள்.

பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் இந்த வழி நீண்ட நாள் தாங்காது. மரத்தூளை அழுத்திச் செய்த அந்தப் பலகையில் ஒருமுறை துளை உதிர்ந்துவிட்டால், கீலை இரண்டு அங்குலம் மேலே அல்லது கீழே நகர்த்திப் புதிய இடத்தில் பொருத்துவதே சரி.

சக்கரம் அடிக்கடி டிராக்கை விட்டு வெளியே வந்துவிடுகிறது.

சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அமுக்கிப் பாருங்கள். நல்ல ரோலரின் உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். அமுக்கினால் இறங்கி, விட்டால் துள்ளி மேலே வரும். துள்ளாவிட்டால் ரோலரை மாற்ற வேண்டும். அது மலிவான பொருள்தான். துள்ளுகிறது, ஆனாலும் வெளியே வருகிறது என்றால், டிராக்கின் உதடு ஏதோ ஓர் இடத்தில் விரிந்திருக்கும். மெல்லிய அலுமினிய டிராக்கில் இது சாதாரணம். ஒரு மரத்துண்டை அணைகொடுத்து, குறடால் மெதுவாக நெருக்கிவிடலாம். மேலே டிராக்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் தளர்ந்து, டிராக்கே நடுவில் வில்லாக வளைந்து தொங்குவதும் உண்டு. அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

சத்தம் போடுகிறது, இறுக்கமாக ஓடுகிறது. எண்ணெய் விடலாமா?

தேங்காய் எண்ணெய் வேண்டாம், சமையல் எண்ணெய் எதுவுமே வேண்டாம். முதல் வாரம் வழுக்கிக்கொண்டு ஓடும். அடுத்தடுத்த மாதங்களில் அந்த எண்ணெய் காற்றுபட்டுப் பிசினாக இறுகும், சாலைத் தூசி அதில் ஒட்டும், பிறகு டிராக் முழுவதும் கறுப்புக் களிம்பாக மாறிவிடும். அடுப்பங்கரையை ஒட்டிய கதவுகளில் தாளிப்புப் புகையே இந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஏணி போட்டு ஏறி அந்த டிராக்குக்குள் கைவிளக்கை அடித்துப் பார்த்தால் பல்லி முட்டை ஓடுகளும், ஒட்டடையும், எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து கெட்டித்துப்போய்க் கிடக்கும். கதவு ஓடாததற்கு அந்த ஒரு படிவமே போதுமான காரணம்.

எனவே முதலில் சுத்தம், பிறகுதான் மசகு. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டி, பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். அதன் மேல் சிலிகான் ஸ்பிரே மெல்லிதாக அடித்தால் போதும். அது தூசியை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. மர டிராக்காக இருந்தால் ஒரு மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்துவிடலாம். கீல் முளைகளில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கதவு இறுகிக்கொள்கிறது. கோடையில் சரியாகிவிடுகிறது. இதற்குத் தீர்வு உண்டா?

உண்டு, ஆனால் அதை மழைக்காலத்தில் செய்யக் கூடாது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. அந்த மாதங்களில் காற்றில் உள்ள ஈரத்தை மரம் உறிஞ்சிப் பருக்கிறது. மரம் நீளவாக்கில் அனேகமாக மாறுவதே இல்லை. இழைக்குக் குறுக்காக, அதாவது பலகையின் அகலத்தில்தான் பருக்கும். ஆகவே நான்கு பலகைகள் கொண்ட மடிப்புக் கதவில் ஒவ்வொரு பலகையும் ஒரு மி.மீ. பருத்தால்கூட மொத்தத்தில் 4 மி.மீ. கூடிவிடுகிறது. வாசலின் அகலமோ அப்படியே இருக்கிறது. ஒரே பலகைக் கதவைவிட மடிப்புக் கதவு மழைக்காலத்தில் அதிகம் தொல்லை கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

கார்த்திகை மாதத்தில் ஆசாரியை அழைத்து ஓரங்களை இழைத்தால் அன்றைக்குக் கதவு மூடும். அக்னி நட்சத்திரத்தில் அதே கதவில் விரல் நுழையும் இடைவெளி விழும். மழைக்காலத்தில் செய்யத்தக்கது, இறுகும் இடத்தைப் பென்சிலால் குறித்துவைப்பதும், மேல் முளையைச் சற்று நகர்த்தித் தற்காலிகமாக இடம் உண்டாக்குவதும் மட்டுமே. தை பிறந்து காற்று உலர்ந்து, மரமும் நன்றாகக் காய்ந்த பின் பாருங்கள். அப்போதும் குறித்த இடத்தில் இடைவெளி 2 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துக் குறையுங்கள்.

பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதைத்தான் பெரும்பாலான வீடுகளில் யாரும் செய்வதில்லை. ஒரு சிறிய கண்ணாடியைத் தரையில் வைத்துக் கதவின் அடிவிளிம்பைப் பாருங்கள். முன்னும் பின்னும் பளபளவென்று பெயின்ட் பூசிய கதவாக இருந்தாலும், அடிவிளிம்பும் மேல்விளிம்பும் பூச்சில்லாத வெறும் மரமாக நிற்பதைக் காண்பீர்கள். கதவை மாட்டிய பிறகு பெயின்ட் அடித்ததால் பிரஷ் அங்கே எட்டியிருக்காது. மரத்தின் இழைகள் வெட்டுப்பட்டு வாய் திறந்து நிற்கும் இடமும் அதுவே. தண்ணீர் ஏறுவதற்கு அதைவிட வசதியான வழி கிடையாது. கதவைக் கழற்றி, அந்த விளிம்புகளுக்குப் பிரைமரும் இரண்டு கோட் எனாமல் பெயின்டும் அல்லது வார்னிஷும் பூசிவிட்டால், அடுத்த மழைக்காலத்தில் மரம் பருப்பது வெகுவாகக் குறையும்.

பார்ட்டிகிள் போர்டும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் இந்த விதிக்குள் வரமாட்டா. ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பினால், அவை காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்புவதில்லை. குளியலறைப் பக்கத்தில் அவற்றைப் போடுவதே தவறு. புதிதாகச் செய்கிறீர்கள் என்றால், ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரநிலை முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்குங்கள். முத்திரை பலகையிலேயே அச்சிட்டிருக்கும், கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது.

மூடிய கதவு தானாகவே சற்றுத் திறந்துகொள்கிறது.

டிராக்கின் முனையில் ரோலரைக் கவ்விப் பிடிக்கும் சிறிய ஸ்பிரிங் துண்டு தேய்ந்திருக்கலாம் அல்லது இடம் நகர்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்ய முடியாவிட்டால், மேலே ஒரு காந்தக் கவ்வி பொருத்துவது எளிது. இரண்டும் பயன் தராவிட்டால் கீல்கள் அளவுக்கு மீறி ஆழமாகப் பதிக்கப்பட்டதால் பலகைகள் ஒன்றையொன்று நெருக்குகின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் கீலுக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டை வைத்து உயர்த்தினால் தீர்ந்துவிடும்.

குளியலறை பிவிசி கதவில் பட்டைகள் கழன்று தொங்குகின்றன. முழுக் கதவையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மேலே உள்ள நைலான் கொக்கி உடைந்ததா, பட்டைகளை இணைக்கும் நெகிழ்வான கீற்று கிழிந்ததா என்று முதலில் பாருங்கள். கொக்கி உடைந்திருந்தால், சேனலின் ஒரு முனையிலுள்ள மூடியைக் கழற்றிக் கதவை முழுவதுமாகப் பக்கவாட்டில் உருவி எடுத்து, உடைந்த கொக்கிகளை மட்டும் மாற்றி மீண்டும் செருகிவிடலாம். மாற்றும்போது எல்லாக் கொக்கிகளையும் ஒரேயடியாக மாற்றிவிடுவது என் பரிந்துரை. ஒன்று உடைந்தால் மற்றவையும் அதே வயதுடையவைதாம். கீற்று கிழிந்திருந்தால், அதே அகலமுள்ள கீற்று கிடைக்கும்வரை கதவை இழுக்காமல் வையுங்கள். கிழிந்த இடத்தில் டேப் ஒட்டுவது ஈரத்தில் ஒரு வாரம்கூட நிற்காது.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது. பிவிசி வெப்பத்தில் நீளும். 2 மீட்டர் உயரமுள்ள பட்டை, 15 டிகிரி வெப்பம் கூடினால் ஏறத்தாழ 2 மி.மீ. நீள்கிறது. மேற்கு வெயில் நேரே அடிக்கும் துவைக்குமிடத்துக் கதவு மே மாதப் பிற்பகலில் தரையைத் தொட்டு வளைவதும், காலையில் சரியாக ஓடுவதும் இதனால்தான். அடியில் 10 முதல் 15 மி.மீ. வரை இடைவெளி விட்டுத்தான் மாட்ட வேண்டும். குளியலறைத் தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும் என்பதால், கதவு மடிந்து நிற்கும் பக்கம், மூடி நிற்கும் பக்கம் இரண்டிலும் அளந்து, உயரமான பக்கத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் வெயில் பட்ட பிவிசி நொறுங்கும் தன்மையை அடைந்துவிடும். அதற்குச் செப்பனிடும் வழி இல்லை.

நிலைச்சட்டம் கிரானைட்டாக இருந்து, சேனலைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ பிளக்கோடு வெளியே வந்துவிட்டால், 6 மி.மீ. துளையை 8 மி.மீ. ஆக்கிப் புதிய பிளக் போடுங்கள். ட்ரில்லிங் மெஷினில் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டுத் துளையிடுங்கள். விளிம்போரத்தில் கல் தெறித்துவிட்டால் பிறகு ஸ்க்ரூ போட இடம் இருக்காது.

பட்டைகளின் மடிப்புகளில் படியும் கறுப்புப் பூஞ்சணத்தைப் போக்கத் தண்ணீர் கலந்த பிளீச்சிங் கரைசலால் துடைத்துக் கழுவலாம். அந்த நேரத்தில் கழிப்பறை கழுவும் ஆசிட் அருகில்கூட இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். ஜன்னல் சிறிதாக உள்ள குளியலறையில் அது மூச்சுக்கு ஆபத்து. ஆசிட் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தரையின் உப்புக்கறையைப் போக்க வாரந்தோறும் ஆசிட் ஊற்றும் வீடுகளில், அதன் ஆவியே அலுமினியச் சேனலையும் ஸ்டீல் ஸ்க்ரூக்களையும் அரித்துவிடுகிறது. சேனல் பொத்துப்போவதற்குக் கதவின் தரத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. போர்வெல் தண்ணீரின் உப்புப்படிவத்துக்கு வினிகர் போதும். பிறகு நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

வயதானவர்கள் உள்ள வீட்டில் குளியலறைக்கு மடிப்புக் கதவு பாதுகாப்பானதா?

உள்நோக்கித் திறக்கும் சாதாரணக் கதவைவிட ஒரு வகையில் பாதுகாப்பானதுதான். உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்து கதவின்மேல் சாய்ந்துவிட்டால் சாதாரணக் கதவைத் தள்ளித் திறக்க முடியாது. மடிப்புக் கதவைப் பக்கவாட்டில் ஒதுக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த நன்மையை உள்பக்கத் தாழ்ப்பாள் கெடுத்துவிடுகிறது. வெளியிலிருந்து ஒரு நாணயத்தாலோ திருப்புளியாலோ திருகித் திறக்கக்கூடிய தாழ்ப்பாளை மாட்டுங்கள். இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

சிறு குழந்தைகள் இருந்தால், மடிப்பில் விரல் அகப்பட்டுக்கொள்ளாதிருக்க, கீல் இருக்கும் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒட்டும் ரப்பர் காப்புப் பட்டை கிடைக்கிறது. அதை வாங்கும்வரை, கதவு முழுவதும் மடியாதபடி டிராக்கில் ஒரு தடையைப் பொருத்திவையுங்கள்.

பூஜை அறையின் மணி வைத்த மடிப்புக் கதவு கோணலாகிவிட்டது.

அழகுக்காக ஒவ்வொரு கட்டத்திலும் பித்தளை மணி தொங்கவிடும் கதவுகளில், மணிகளின் மொத்த எடையைக் கதவு செய்தபோது யாரும் கணக்கிட்டிருக்கமாட்டார்கள். அதுவும் எடை எல்லாம் நிலைச்சட்டத்திலிருந்து தள்ளியிருக்கும் பலகையில் இருந்தால், கீல்கள் நாளுக்கு நாள் இழுபடும். மணிகளைக் கழற்றி எடுத்து ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். உரசல் குறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது. பலகை ஒன்றுக்கு இரண்டு கீல் இருக்கும் இடத்தில் நடுவில் மூன்றாவது கீலைச் சேர்த்து, மணிகளைச் சுவரை ஒட்டிய பலகைக்கு மாற்றுங்கள். மணியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலையில் அந்தக் கதவு திறக்கும் ஓசைக்காகவே அதைச் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள்.

விளக்கின் எண்ணெய்ப் புகை மேல் கீல்களிலும் டிராக்கிலும் கரியாகப் படியும். மாதம் ஒருமுறை வெள்ளிக்கிழமைக்கு முந்திய நாள் அறையைத் துடைக்கும்போதே, டிராக்கையும் சோப்புத் துணியால் துடைத்துவிடுங்கள். விளக்கு எரியும்போது மடித்த கதவு சுடருக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். வார்னிஷ் பூசிய மரம் கொப்பளித்திருந்தால், விளக்கை இடம் மாற்ற வேண்டும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் கீல்கள் விரைவில் துருப்பிடிக்கின்றன. என்ன வாங்குவது?

கடற்காற்றில் வரும் உப்பு, சாதாரண இரும்பின் மேல் பூசிய குரோமிய முலாமை எளிதில் ஊடுருவுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 304, 316 என்ற இரு தரங்கள் கடைகளில் புழக்கத்தில் உள்ளன. 316இல் மாலிப்டினம் 2 முதல் 3 விழுக்காடு கலந்திருப்பதால் அது உப்பை நன்றாகத் தாங்கும். அலைச் சத்தம் கேட்கும் தொலைவில் உள்ள பால்கனிக் கதவுக்கு 316 தரமே ஏற்றது. வீட்டுக்குள் இருக்கும் கதவுக்கு 304 போதும். அலுமினியச் சட்டத்தில் ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்தால், இரு உலோகங்கள் உப்பு ஈரத்தில் சேர்ந்து அலுமினியம் அரிக்கப்படுகிறது என்று பொருள். ஸ்க்ரூவுக்கு அடியில் நைலான் வாஷர் போடுவது இதைத் தணிக்கும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் கீல்களைத் துடைப்பது, எந்த விலையுயர்ந்த ஸ்பிரேயைவிடவும் பயன் தரும்.

பால்கனியின் பெரிய கண்ணாடி மடிப்புக் கதவை நானே கழற்றிச் சரிசெய்யலாமா?

வேண்டாம். கண்ணாடி ஒரு மி.மீ. கனத்துக்கு, சதுர மீட்டருக்கு 2.5 கிலோ எடை கொண்டது. இரண்டரை அடி அகலமும் ஏழு அடி உயரமும் உள்ள ஒரு பலகையில் 8 மி.மீ. கண்ணாடி இருந்தால், சட்டத்தைச் சேர்க்காமலே ஏறத்தாழ 32 கிலோ வரும். மேல் மாடியில் நின்று ஒருவர் கையாளும் பொருள் அல்ல அது. நீங்கள் செய்யத்தக்கது கீழ் டிராக்கைச் சுத்தமாக வைத்திருப்பதுதான். அந்த டிராக்கில் மழைநீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். மணலும் இலையும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கூடத்துக்குள் வழியும். பருவமழைக்கு முன்பு, புரட்டாசியிலேயே அந்தத் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்து, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அது வெளிப்பக்கம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வாசல் கொலாப்சிபிள் கேட் நடுவழியில் நின்றுவிடுகிறது.

இந்தக் கேட்டின் அமைப்பு எளியது. நெட்டுக்குத்தான சிறு சேனல்கள், அவற்றைப் பின்னும் குறுக்குப் பட்டைகள், பட்டைகளை இணைக்கும் ரிவெட்டுகள், மேலும் கீழும் டி வடிவ இரும்புத் தண்டவாளம், அதில் ஓடும் இரும்புச் சக்கரங்கள். வீட்டு வாசலில் கீழ்த் தண்டவாளத்தை ஒட்டிக் கோலப்பொடியும், செருப்பு மண்ணும், வாசல் தெளித்த தண்ணீரும் சேர்ந்து கெட்டிப்படுவதே முதல் காரணம்; சுரண்டி எடுத்தாலே பல கேட்டுகள் ஓடத் தொடங்கிவிடும். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால், அந்த இடத்தில் ஒரு குறுக்குப் பட்டை வளைந்திருக்கும் அல்லது ஒரு ரிவெட் துருவேறி இறுகியிருக்கும். ரிவெட்டுகளில் மசகு எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் மெதுவாகத் திறந்து மூடிப் பழக்குங்கள். வளைந்த பட்டையை வெல்டிங் பட்டறைக்காரரிடம் விடுங்கள். பூட்டைப் பிடித்து இழுத்து மூடும் பழக்கம் முன்சட்டத்தை மெல்ல வளைத்துவிடும். நடு உயரத்தில் ஒரு கைப்பிடி பற்றவைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

வெள்ளத்தில் மூழ்கிய கதவை மீண்டும் பயன்படுத்தலாமா?

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் கண்ட வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் இந்தக் கேள்வி ஒவ்வொரு மழைக்கும் எழுகிறது. கெட்டி மரமும் மரைன் பிளைவுட்டும் பிழைக்க வாய்ப்புண்டு. ஆனால் உடனே வெயிலில் வைக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து பலகை முறுக்கிக்கொள்ளும். கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, நிழலில் இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி ரீப்பர்கள் எனப்படும் மெல்லிய மரச்சட்டங்களின் மீது படுக்கவைத்துச் சில வாரங்கள் காய விடுங்கள். கீழ் முளை, தரைத்தகடு, கீழ்ச் சக்கரம் ஆகியவற்றில் வண்டல் புகுந்திருக்கும். அவற்றைக் கழுவிக் காப்பாற்ற முயல்வதைவிட மாற்றிவிடுவது நல்லது. பார்ட்டிகிள் போர்டு பிழைக்காது.

பலகையைத் தட்டினால் உள்ளே வெற்றொலி கேட்கிறது.

கரையானாக இருக்கலாம். நிலைச்சட்டம் தரையைத் தொடும் இடத்தில் மண் குழாய் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கதவை மாற்றுவதற்கு முன் தரைக்கும் சட்டத்துக்கும் கரையான் மருந்து அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய கதவும் அதே வழியில் போகும்.

உதிரி பாகங்களை எங்கே வாங்குவது? கடைக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

தெருமுனை ஹார்டுவேர் கடையில் கீலும் ஸ்க்ரூவும் கிடைக்கும். ரோலர், முளை, டிராக், பிவிசி கீற்று போன்றவற்றுக்குப் பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் உள்ள பிளைவுட், ஹார்டுவேர் கடைகளில் தேடுவது பயன் தரும். ஒரு கடையில் இல்லாவிட்டால் அடுத்த கடையில் கேட்கலாம். கைபேசியில் எடுத்த படத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ரோலர்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சக்கரத்தின் விட்டத்திலும் முளையின் கனத்திலும் ஒன்றிரண்டு மி.மீ. மாறினாலும் உங்கள் டிராக்கில் ஓடாது. உடைந்த பாகத்தையே ஓர் உறையில் போட்டுக் கொண்டுபோங்கள். டிராக்கின் உட்புற அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அதன் முனையில் ஓர் அங்குலத் துண்டை அறுத்து எடுத்துப் போவது இன்னும் நல்லது. பலகையின் உயரம், அகலம், கனம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொன்னால், அந்த எடையைத் தாங்கும் ரோலரைக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். வாடகை வீடாக இருந்தால், டிராக்கையோ நிலைச்சட்டத்தையோ துளையிடும் வேலைக்கு முன் வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி, கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்தி வையுங்கள்.